ஆங்கிலத்தை முடித்த பிறகுதான் கணக்குப் பாடமா?

பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில், ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு பயிற்சி நிலையம் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. ‘ஸ்போக்கன் இங்கிலீஷ், டேலி, டைப்ரைட்டிங்’ என்று போர்டில் ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். வேலைக்குப் போக நினைப்பவருக்குக் கொஞ்சம் பேச்சும் கொஞ்சம் கணக்கும் வேண்டும் என்பது அந்த நிலையத்துக்காரருக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். அமெரிக்காவில் இதே இரண்டையும் அரசுப் பணத்தில், பட்டப்படிப்புக்கு வழிவைத்து நடத்தும் சமுதாயக் கல்லூரிகள் ஏறத்தாழ ஆயிரம் இருக்கின்றன. வசதியிலும் ஆசிரியர் தகுதியிலும் மாடிப்படி நிலையத்தோடு அவற்றை ஒப்பிடவே முடியாது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அவை நெடுங்காலம் பின்தங்கியிருந்தன. முதலில் ஆங்கிலம், அது தேறிய பிறகு தொழிற்பாடம் என்ற வரிசையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பிடிவாதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் குடியேறி வந்தவர்கள்.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மொழி வகுப்பும் வணிக வகுப்பும் இந்தக் கல்லூரிகளுக்குள் வெவ்வேறு வாசல் வழியாக நுழைந்திருப்பது தெரிகிறது. இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் ஜூனியர் கல்லூரி 1901-இல் தொடங்கியபோது அதில் 6 மாணவர்கள் இருந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் யோசனை அது. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை உள்ளூரிலேயே முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வரட்டும் என்று அவர் நினைத்தார். பல்கலைக்கழகம் போக வழியில்லாத உள்ளூர் இளைஞர்களுக்காகப் புக் கீப்பிங், செயலர் பணி போன்ற வணிகப் பாடங்களும் சீக்கிரமே சேர்ந்துகொண்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை 1944-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த குழு, ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயரையே நாடு முழுக்கப் பரப்பியது. 1960-இல் கலிபோர்னியா தன் உயர்கல்வித் திட்டத்தை வகுத்தபோது, தன் இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் மதிப்பெண் வரம்பு வைத்து, சமுதாயக் கல்லூரியின் கதவை மட்டும் எல்லோருக்கும் திறந்துவைத்தது.

குடியேறியவர்களுக்கான ஆங்கில வகுப்பு பெருகியது அதற்குப் பிறகுதான். 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்கு வழி திறந்தது. 1975-இல் வியட்நாம் அகதிகள் வந்தார்கள். 1986-இல் ரீகன் ஆட்சியில், ஆவணமின்றி வாழ்ந்த ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்ட அந்தஸ்து தரப்பட்டது. நிரந்தரமாக வசிக்கும் உரிமையான கிரீன் கார்டு பெற, அவர்களில் பெரும்பகுதியினர் அடிப்படை ஆங்கிலமும் அமெரிக்க வரலாறும் அறிந்திருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. அல்லது 60 மணி நேர வகுப்பில் 40 மணி நேரமாவது உட்கார்ந்ததற்குச் சான்று தர வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் மாலை நேர வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. ஆக, வணிகப் பாடம் பட்டத்தை நோக்கி வளர்ந்தது. ஆங்கிலப் பாடம் குடியேற்றத்தின் தேவைக்காக வளர்ந்தது. இரண்டுக்கும் தனித்தனி நிதி, தனித்தனி ஆசிரியர்கள், பல கல்லூரிகளில் தனித்தனிக் கட்டடங்கள்கூட. ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்கு வா என்று சொல்வது நிர்வாகத்துக்கு எளிதாக இருந்தது. அதைக் கற்பித்தல் கோட்பாடு என்றும் நம்பிக்கொண்டார்கள்.

116 கல்லூரிகளோடு நாட்டிலேயே பெரிய அமைப்பாக இருக்கும் கலிபோர்னியாவை வைத்து நடைமுறையைப் பார்க்கலாம். அங்கே பாடத்தின் பெயரைவிட முக்கியமானது, அது கிரெடிட் உள்ளதா இல்லாததா என்பது. கிரெடிட் வகுப்புக்கு யூனிட் கணக்கு உண்டு. மதிப்பெண் நிரந்தரமாகப் பதிவாகும். 60 யூனிட் சேர்ந்தால் இரண்டாண்டு அசோசியேட் பட்டம். மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், 2012 முதல் அதே கட்டணம்தான். மூன்று யூனிட் பாடத்துக்கு 138 டாலர் ஆகிறது. குப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்சா கல்லூரி போல ஆண்டை மூன்று காலாண்டுகளாகப் பிரித்து நடத்தும் இடங்களில் காலாண்டு யூனிட்டுக்கு 31 டாலர். கிரெடிட் இல்லாத வகுப்புக்குக் கட்டணமே கிடையாது. ஆங்கிலம், குடியுரிமைத் தேர்வுப் பயிற்சி, குறுகிய காலத் தொழிற்பயிற்சி போன்றவை இந்த வகையில் வரும். எப்போது வேண்டுமானாலும் சேரலாம், தேவையென்றால் அதே வகுப்பை மறுபடியும் எடுக்கலாம், தோல்வி என்று எதுவும் பதிவாகாது.

ஒரு யூனிட் என்றால் எவ்வளவு உழைப்பு என்று சேருவதற்கு முன்பு யாரும் கேட்பதில்லை. வகுப்பும் வீட்டு வேலையுமாகச் செமஸ்டருக்குக் குறைந்தது 48 மணி நேரம் என்பது கலிபோர்னியாவின் கணக்கு. மூன்று யூனிட் பாடம் 144 மணி நேரத்தைக் கேட்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டிய நேரம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மூன்று பாடங்களுக்கு ஒன்றாகப் பெயர் கொடுப்பவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். இன்னொரு செலவும் இருக்கிறது: பாடநூல். கணக்குப்பதிவியல் புத்தகத்தின் விலை கட்டணத்தையே தாண்டிவிடும். ஆகவே பாடநூலுக்குத் தனிச் செலவு இல்லாத வகுப்புகளைக் கால அட்டவணையில் குறியிட்டுக் காட்ட வேண்டும் என்று 2016-இல் சட்டம் போட்டார்கள். அந்தச் சின்னக் குறியைப் பார்த்துவிட்டு வகுப்பைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

இப்போது அந்த வரிசைக்கு வருவோம். புதிதாக வந்த ஒருவர் நுழைவுத் தேர்வு எழுதுவார். ஆங்கிலத்தில் அவர் இரண்டாம் படி என்று முடிவாகும். அதற்கு மேல் ஐந்து படிகள் ஏறினால்தான் கல்லூரி நிலைக் கட்டுரை எழுதும் பாடம். அதைத் தொட்ட பிறகுதான் வணிகப் பாடங்கள் பலவற்றில் இடம். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எண்பது பேர் தேறி, அடுத்த படியில் சேருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஆசிரியரும் பெருமைப்படக்கூடிய விகிதம் அது. ஐந்து படி முடிவில் மிஞ்சுவது 33 பேர். மற்ற 67 பேரும் மக்குகள் அல்ல. ஒருவருக்கு வேலை நேரம் மாறியிருக்கும். ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கும். ஒருவர் வீட்டு வாடகை ஏறி வேறு ஊருக்குப் போயிருப்பார். படிகள் கூடக்கூட, வாழ்க்கை குறுக்கிடுவதற்கான இடைவெளிகளும் கூடுகின்றன.

மேலே உள்ளது மனக்கணக்கு. உண்மை இதைவிட மோசமாக இருந்தது. வாஷிங்டன் மாநிலம் தன் கல்லூரிகளில் சேர்ந்த வயதுவந்தோரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆங்கில வகுப்பில் தொடங்கியவர்களில் 13 சதவீதம் பேர்தான் ஏதாவதொரு கிரெடிட் பாடத்தையாவது தொட்டிருந்தார்கள். சான்றிதழோ பட்டமோ, அங்கே ஓராண்டுப் படிப்புக்குச் சமமான 45 கிரெடிட்டாவதோ பெற்றவர்கள் 4 முதல் 6 சதவீதத்துக்குள் அடங்கினார்கள். ஓராண்டு அளவுக்குக் கிரெடிட்டும் கையில் ஒரு சான்றிதழும் இருந்தால்தான் வருமானத்தில் கண்ணுக்குத் தெரியும் உயர்வு வருகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அதாவது பயன் தொடங்கும் இடத்துக்கு வந்துசேர்ந்தவர்களே மிகச் சிலர்.

அந்த மாநிலமே மாற்று வழியையும் தேடியது. 2004-இல் பத்துக் கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு ஐ-பெஸ்ட் என்று பெயர். ஒரே வகுப்பறையில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தொழிற்பாடம் நடத்துபவர், மற்றவர் மொழி அல்லது அடிப்படைக் கல்வி ஆசிரியர். வகுப்பு நேரத்தில் பாதியாவது இருவரும் சேர்ந்தே நிற்க வேண்டும். பாடம் கிரெடிட் உள்ளதாக இருக்க வேண்டும். செவிலியர் உதவியாளர், வாகனப் பழுது, அலுவலகப் பணி என்று பல துறைகளில் இதை நடத்தினார்கள்.

அலுவலகப் பணி வகுப்பில் இது எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 20 டாலர் கூலி. அந்த வாரம் 50 மணி நேர வேலை. கணக்கு ஆசிரியர் பலகையில் போடுகிறார்: முதல் 40 மணி நேரத்துக்கு 800 டாலர், மிகைநேரம் 10 மணிக்கு ஒன்றரை மடங்கு வீதம் 300, மொத்தம் 1,100. சமூகப் பாதுகாப்பு வரி 6.2 சதவீதம், 68 டாலர் 20 சென்ட். முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரி 1.45 சதவீதம், 15 டாலர் 95 சென்ட். இதே தொகையை முதலாளியும் தன் பங்காகக் கட்ட வேண்டும். ஆகவே பேரேட்டில் அது நிறுவனத்தின் செலவாகத் தனியே ஏறும். இதுவரை வணிகப் பாடம். இப்போது மொழி ஆசிரியர் அதே சீட்டை எடுக்கிறார். மிகைநேரம் விடுபட்டுப்போன ஒரு சீட்டைக் கொடுத்து, இருவரை எழுப்பி, ஒருவரைத் தொழிலாளியாகவும் மற்றவரைச் சம்பளப் பிரிவு அலுவலராகவும் பேசச் சொல்கிறார். கோபப்படாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல், ‘இந்த 10 மணி நேரம் எங்கே போயிற்று?’ என்று கேட்க வேண்டும். அலுவலராக இருப்பவர் எந்தப் பதிவைப் பார்த்துப் பதில் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். பிறகு அதையே நான்கு வரி மின்னஞ்சலாக எழுத வேண்டும். இறந்தகாலம், நிபந்தனை வாக்கியம், மரியாதைச் சொற்கள் எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. தபால் நிலையத்துக்கு வழி கேட்கும் உரையாடலை மனப்பாடம் செய்யும் வகுப்பில் இந்த உயிர் இருக்காது.

செலவு கூடத்தான் ஆனது. இரண்டு ஆசிரியர்களுக்குச் சம்பளம் தர வேண்டியிருப்பதால், ஐ-பெஸ்ட் மாணவர் ஒருவருக்கு வழக்கத்தைப் போல 1.75 மடங்கு நிதியை மாநிலம் ஒதுக்கியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த மாணவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் கிரெடிட்டும் சான்றிதழும் பெற்றிருந்தார்கள். சம்பளத்தில் வேறுபாடு அந்த முதல் ஆய்வுகளில் துலங்கவில்லை. பொருளாதார மந்தம் தொடங்கிய காலம் அது. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு ஐ-பெஸ்ட்டைக் கொண்டாடுபவர்களும் உண்டு. என் பார்வையில், மக்கள் பாதியில் கழன்றுபோகாமல் இருந்தார்கள் என்பதே போதுமான வெற்றி.

கலிபோர்னியா வேறு திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தது. 2017-இல் நிறைவேறிய ஏபி 705 சட்டம், நுழைவுத் தேர்வை வைத்து மாணவர்களைக் கீழ்ப்படிகளில் தள்ளும் பழக்கத்தில் கைவைத்தது. உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டும். மாற்றல் நிலை, அதாவது பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது ஏற்கப்படும் நிலை, ஆங்கிலத்தையும் கணிதத்தையும் ஓராண்டுக்குள் முடிக்கும் வாய்ப்பை அதிகரிக்க வேண்டும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கு மூன்றாண்டு. ஏழெட்டுப் படிகள் வைத்திருந்த துறைகள் அவற்றைச் சுருக்க வேண்டியதாயிற்று. தங்கள் வகுப்புகள் போய்விடும் என்ற அச்சமும் ஆசிரியர்களுக்கு இருந்தது. தயாராகாத மாணவரை ஆழத்தில் தள்ளுகிறார்கள் என்ற நியாயமான கவலையும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல.

வணிகப் பாடங்களின் பக்கம் இரண்டு பாதைகள் உண்டு, இவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். ஒன்று மாற்றல் பாதை. நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், நுண்ணியல் பொருளாதாரம், பேரியல் பொருளாதாரம், வணிகச் சட்டம், புள்ளியியல் அல்லது நுண்கணிதம் ஆகியவற்றை இங்கே முடித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குப் போவது. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாற்றலுக்கென்றே வகுத்த அசோசியேட் பட்டத்தை முடித்தவருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஓரிடம் உறுதி. கேட்ட வளாகத்திலேயே கிடைக்கும் என்பது உறுதியல்ல. இரண்டாவது சான்றிதழ் பாதை. புக் கீப்பிங், சம்பளக் கணக்கு, குவிக்புக்ஸ் மென்பொருள், சிறுதொழில் மேலாண்மை என்று சில மாதங்களில் முடிவது. முதல் பாதையின் கணக்கியலும் இரண்டாம் பாதையின் புக் கீப்பிங்கும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் புக் கீப்பிங் பாடத்தை மாற்றலின்போது பல்கலைக்கழகம் பொதுவாக ஏற்காது. கல்லூரியில் படிப்பு ஆலோசகராக இருக்கும் கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

கடை தொடங்க நினைப்பவர்களுக்கு வேறு உதவியும் இருக்கிறது. அரசு நிதியில் இயங்கும் சிறுதொழில் மேம்பாட்டு மையங்கள் சில, சான்டா குரூஸ் பகுதியின் கப்ரியோ கல்லூரியில் இருப்பதுபோல, சமுதாயக் கல்லூரிகளின் பொறுப்பிலேயே நடக்கின்றன. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

இந்த இடத்தில் தமிழர் கதை ஒன்று தானாகவே நுழைகிறது. எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் மனைவியோ கணவரோ எச்-4 விசாவில் வருகிறார். எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. வேலை செய்யத்தான் தடை. 2015 மே மாதம் முதல், கிரீன் கார்டு நடைமுறையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைவருக்கு மட்டும் பணி அனுமதி கிடைக்கிறது. அதுவரை காத்திருக்கும் ஆண்டுகளில் டி ஆன்சா, மிஷன், ஓலோனி போன்ற கல்லூரிகளின் வாசலை மிதிக்காத தமிழ்க் குடும்பம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் அபூர்வம். ஆனால் மாநிலவாசிக் கட்டணம் பெற, செமஸ்டர் தொடங்கும்போது ஓராண்டும் ஒரு நாளும் அங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இல்லையென்றால் பல மடங்கு கட்டணம். வந்திறங்கிய மாதத்திலிருந்தே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, வரித் தாக்கல் ஆகியவற்றில் தன் பெயரும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பின்னால் உதவும். சுற்றுலா விசாவில் வந்து தங்கும் பெற்றோரையும் கூடவே சேர்த்துவிடலாம் என்று யோசிப்பவர்கள், அந்த விசாவில் பாடத்திட்டப் படிப்புக்கு அனுமதி இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பி.காம். முடித்துவிட்டு வருபவர் வணிக வகுப்பில் சந்திப்பது விசித்திரமான கலவை. பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம் என்பதில் மாற்றமில்லை. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் பழைய நண்பர்கள். ஆனால் நாம் பள்ளியில் போட்ட இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் இடது பக்கம், சொத்துகள் வலது பக்கம். அங்கே சொத்துகள்தான் முதலில். அதிலும் ரொக்கம் தலைவரியில் நிற்கும். நாம் முதலில் எழுதிப் பழகிய நிலமும் கட்டடமும் கீழே இறங்கிவிடும். லட்சத்துக்குப் போடும் காற்புள்ளி இடம் மாறும். தேதியில் மாதம் முன்னால் வரும். ஏப்ரலில் ஆண்டு தொடங்காது. இவையெல்லாம் இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். உண்மையில் திணறவைப்பவை, அரைப் பக்கம் கதைபோல எழுதிய கேள்வியிலிருந்து கணக்கைப் பிரித்தெடுப்பதும், முன்பின் தெரியாத நால்வரோடு சேர்ந்து ஒரு குழுத் திட்டத்தை வகுப்புக்கு முன்னால் பேசி முடிப்பதும்தான். அதாவது கணக்குத் தெரிந்தவருக்கும் மொழிப் பயிற்சி கணக்குப் பாடத்துக்குள்ளேயே நடக்கிறது. ‘ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் தேறட்டும்’ என்று ஒரு வருடம் தள்ளிப்போடுபவர்களுக்கு அந்த ஒரு வருடத்தில் இந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

நம் பக்கத்திலும் இதே பெயரில் ஒரு முயற்சி நடந்தது. 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் பொறுப்பிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. இயேசு சபைத் துறவியான சேவியர் அல்போன்ஸ் இந்த இயக்கத்தைப் பரப்பியவர். பள்ளியை முடிக்காதவர்களுக்கும் கதவு திறந்திருந்தது. பேச்சு ஆங்கிலமும் தன்னம்பிக்கைப் பயிற்சியும் தொழிற்பயிற்சியும், அதோடு நேரடிப் பணியிடப் பழக்கமும் ஒரே பாடத்திட்டத்தில் கலந்தே வந்தன. அமெரிக்கப் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்க வரிசையை எடுத்துக்கொள்ளவில்லை. வாஷிங்டன் விழித்துக்கொள்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடந்த காரியம் இது. ஆனால் அந்தச் சான்றிதழிலிருந்து பட்டத்துக்குப் போகும் பாலம் இங்கே பலமாக அமையவில்லை. அங்கே அது பலமாக இருக்கிறது.

கலிபோர்னியாவில் இப்போது சில கல்லூரிகள் ‘கண்ணாடி வகுப்பு’ என்ற ஏற்பாட்டை நடத்துகின்றன. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஒரே பாடம். பட்டியலில் மட்டும் இரண்டு எண்கள்: ஒன்று கிரெடிட் உள்ளது, மற்றது இல்லாதது. 138 டாலர் கட்டி மதிப்பெண்ணுக்குப் படிப்பவரும் கட்டணமின்றிப் பயிற்சிக்காக வந்தவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பேரேட்டை எழுதுகிறார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு இது பயன்படாது. அவர் செமஸ்டருக்கு 12 கிரெடிட் யூனிட் எடுத்தாக வேண்டும். எச்-4 விசாவில் இருப்பவரோ கிரீன் கார்டு உள்ளவரோ என்றால், ஒரு செமஸ்டர் கட்டணமின்றி உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிடித்தால் அடுத்த பாடத்தைக் கிரெடிட்டுடன் எடுக்கலாம். பின்னால் முதுகலைக்கோ, அமெரிக்கக் கணக்காயர் உரிமத்துக்கான சிபிஏ தேர்வுக்குக் குறையும் கணக்கியல் யூனிட்டுகளுக்கோ மதிப்பெண் பட்டியல் தேவைப்படும் என்று இப்போதே தெரிந்தால், முதல் நாளிலிருந்தே கிரெடிட் எண்ணில் பதிந்துகொள்வது நல்லது.